சுவரைக் கழித்த கண்

பச்சிளம் குழந்தைகள் வார்டின் ஹெட் சிஸ்டர் உலகத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மதித்தாள், அது அவளுடைய கண். மற்றதெல்லாம் அவளுக்குத் தூசு. டாக்டர்கள் கையெழுத்துப் போடப் பிறந்தவர்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள் நாற்காலி தேய்க்கப் பிறந்தவர்கள், குழந்தைகளின் அப்பாமார்கள் வழியை மறித்துக்கொண்டு நிற்கப் பிறந்தவர்கள். இப்படி ஒவ்வொருவருக்கும் அவளிடம் ஒரு விலைச்சீட்டு உண்டு. ஒன்றிலும் பெரிய தொகை எழுதியிருக்காது.

கண்ணைப் பற்றிய கர்வத்துக்குக் காரணம் இருந்தது. பிறந்த குழந்தைக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் லேசாக மஞ்சள் தட்டுவது சகஜம். அது நிற்காமல் ஏறினால்தான் ஆபத்து. மூளைவரை போய்விடும், காது போகலாம், உயிரே போகலாம். ஏறும் மஞ்சளை நேரத்தோடு பிடித்துவிட்டால் நீல விளக்கின் கீழ் இரண்டு நாள் படுக்க வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆகவே அந்த வார்டில் முதல் வேலை மஞ்சள் பிடிப்பது. தினமும் காலையில் ஹெட் சிஸ்டர் ஒவ்வொரு குழந்தையாக ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போவாள். வெள்ளைத் துணியில் கிடத்தி, நெற்றியிலும் நெஞ்சிலும் கட்டைவிரலால் அழுத்தி எடுப்பாள். ரத்தம் விலகித் தோல் வெளுத்து நிற்கும் அந்த ஒரு நொடியில் பார்த்துவிடுவாள். பத்தொன்பது வருடத்தில் ஒன்றைக்கூட அவள் கோட்டை விட்டதில்லை. நெற்றியில் வைத்தால் எண் காட்டும் கருவி ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கத்தான் இருந்தது, எதிர்க் கட்டடத்தில் பூட்டிய அலமாரிக்குள். சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அவளுக்குச் சந்தேகம் வந்தால்தானே.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் வண்ணம் வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரி முழுவதற்கும் புதுப் பெயிண்ட் அடிப்பதாக முடிவாயிற்று. பெயிண்ட் அடிப்பதென்றால் ஆளைக் கூப்பிட்டு அடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? நிர்வாகத்துக்கு அது போதவில்லை. 'வண்ணம்: அறிவியல், கலை, வடிவமைப்பு' என்று மூன்று பிற்பகல் வகுப்பு வைத்தார்கள். வார்டுக்கு இரண்டு பேர் கட்டாயம் வரவேண்டும், கடைசியில் சான்றிதழ் உண்டு, நடுவில் டீயும் பன்னும் உண்டு. வகுப்பு முடிந்ததும் எல்லோருமாகக் கலந்து பேசி ஒவ்வொரு வார்டுக்கும் நிறம் தேர்ந்தெடுப்பார்களாம்.

ஹெட் சிஸ்டர் தன்னோடு 'நோட்டு' என்ற நர்ஸைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்ததே ஹெட் சிஸ்டர்தான். யார் எதைச் சொன்னாலும் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு. வேலைக்கு வந்து ஆறு வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மூளை இல்லாதவர்கள்தான் நோட்டில் எழுதிவைப்பார்கள் என்பது ஹெட் சிஸ்டரின் கட்சி.

முதல் நாள் ஒரு இயற்பியல் பேராசிரியர் வந்தார். முக்கோணக் கண்ணாடிக் கட்டை ஒன்றைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்தார். திரைச்சீலை சரியாக மூடவில்லை, விளக்கு வேலை செய்யவில்லை, அரைமணி நேரம் போராடினார். கடைசியில் சுவரில் விரல் நகம் அளவுக்கு ஒரு வானவில் விழுந்தது. அதைப் பார்க்க நாற்பது பேரை வரிசையில் நிற்க வைத்தார்.

"பாத்திரம் கழுவும்போது சோப்பு நுரையில தினம் பாக்கறேன். இதுக்கு க்யூ வேற," என்றாள் ஹெட் சிஸ்டர்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உற்சாகமானார். சுவரில் நிறம் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைக்காதீர்கள் என்றார். சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் திருப்பி எறிகிறது, அந்த மிச்சம்தான் நிறம், அது அறையில் இருக்கிற எல்லார் மேலும் விழும், சிவப்புச் சுவர் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் கன்னமும் சிவக்கும் என்றார். நோட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டாள். ஹெட் சிஸ்டர் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் வந்தவர் ஓவியர். தாடி, பெயிண்ட் கறை படிந்த சட்டை. வேண்டுமென்றே கறையோடு வந்திருக்கிறான் என்று பார்த்ததுமே அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். மஞ்சள் அட்டையில் ஒன்றும் நீல அட்டையில் ஒன்றுமாக இரண்டு சாம்பல்நிறக் காகிதத் துண்டுகளை ஒட்டி, இரண்டும் ஒரே நிறமா என்று கேட்டார். இல்லை என்று அறையே சொன்னது. பிய்த்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றேதான். முட்டையிட்ட கோழி மாதிரி ஒரு பெருமிதத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்னக்கா இது, கண்ணு இப்படி ஏமாறுது?" என்றாள் நோட்டு.

"உன் கண்ணு ஏமாறும். இந்தாளு சொல்லித்தான் தெரியணுமா? பச்சைப் போர்வையில சுத்தின குழந்தையும் ரோஸ் போர்வையில சுத்தின குழந்தையும் ஒரே மாதிரியா தெரியுது? அதுக்குத்தானே நான் வெள்ளைத் துணியில போட்டுப் பாக்கறேன்."

உண்மைதான். ஓவியருக்கு முப்பது வருடத்தில் தெரிந்தது அவளுக்கு வேலைக்கு வந்த முதல் வாரமே தெரியும். தெரிந்ததை வைத்து அவள் செய்ததெல்லாம் இளக்காரமாக உதட்டைச் சுழித்ததுதான்.

மூன்றாம் நாள் வடிவமைப்பாளர். சின்ன வயதுப் பெண், பேச்சில் மேம் மேம் என்று நாலு வார்த்தைக்கு ஒரு தரம். விசிறி மாதிரி விரியும் நிற அட்டைக் கட்டு ஒன்று கையில். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர். சாதாரண மஞ்சளுக்கு அதில் 'காலைத் தேன்' என்று பெயர். பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு அதைத்தான் அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, பிரசவித்த தாய்மார்களுக்கு மனம் இளகும், ஜன்னல் கண்ணாடியிலும் அதே நிறத்தில் மெல்லிய தாள் ஒட்டிவிட்டால் நாள் முழுக்க இளவெயில் அடிப்பது போலிருக்கும் என்றாள்.

"ரொம்ப மஞ்சளா இருக்காதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பத்து நிமிஷம்தான் மேம். கண்ணு பழகிடும். அப்புறம் அது மஞ்சள்னே உங்களுக்குத் தோணாது."

ஹெட் சிஸ்டர் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மஞ்சள் சுவர் எறிகிற மஞ்சள் வெளிச்சம் குழந்தைமேல் விழும். பக்கத்து நிறம் தோலின் நிறத்தைப் புரட்டிக் காட்டும். போதாததற்குக் கண்ணும் பழகிப் போகும். அப்படிப்பட்ட அறையில் எந்தக் குழந்தை மஞ்சள், எது மஞ்சள் இல்லை என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. மூன்று மேதாவிகளும் ஆளுக்கொரு துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு அவரவர் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் துப்பில்லை. அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் அது தெரிந்தது.

"அந்த வார்டுலேர்ந்து யாராவது ஏதாவது சொல்லணுமா?" வடிவமைப்பாளர் சுற்றிப் பார்த்து அவள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "நீங்க சொல்லுங்க ஆன்ட்டி."

ஆன்ட்டி. பத்தொன்பது வருட ஹெட் சிஸ்டர், நேற்று முளைத்த ஒன்றுக்கு ஆன்ட்டி.

"எனக்கு என்னம்மா தெரியும்? படிச்சவங்க சொல்றீங்க. தாராளமா அடிங்க," என்றாள் ஹெட் சிஸ்டர்.

கை தட்டினார்கள். மேலாளர் எழுந்து, அனுபவசாலிகளே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்தார். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். அடிக்கட்டும். ஒரே வாரத்தில் முழிப்பார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள், அப்போது சொல்கிறேன் யார் ஆன்ட்டி என்று. அதுவரைக்கும் குழந்தைகள்? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. அதுவரைக்கும்தான் நான் இருக்கிறேனே, என் கண்ணையா இந்தச் சுவர் ஏமாற்றிவிடும்?

சுவர் காய்ந்து, ஜன்னலிலும் மஞ்சள் தாள் ஒட்டி, வார்டு திறந்த முதல் காலை, பதினொரு குழந்தைகளும் எலுமிச்சம்பழமாகக் கிடந்தன. நர்ஸுகள் பதறிப் போனார்கள். பதினொரு குதிகாலிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், பதினொன்றும் நல்லபடி என்று வந்தது. மறுநாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் குழந்தை டாக்டர் வந்து கத்தினார். ஹெட் சிஸ்டருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. வா, வந்து கேள், என்று காத்திருந்தாள்.

ஆனால் டாக்டர் கேட்டது வேறு. "சிஸ்டர், நீங்க அனுபவசாலி. சுவரோட மஞ்சளைக் கொஞ்சம் கழிச்சுப் பாக்கத் தெரியாதா உங்களுக்கு?"

இந்த இடத்தில் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த வார்த்தையைத்தான் அவள் நாக்கு பழகவே இல்லை.

"ஏன் தெரியாது? பேஷா பாக்கலாம்," என்றாள்.

அன்றிலிருந்து அவள் சுவரைக் கழிக்க ஆரம்பித்தாள். மற்றவர்களுக்கும் பாடம் எடுத்தாள். வகுப்பெடுக்கிறார்கள் என்று யாரைக் கேலி செய்தாளோ அவர்களைவிட நீளமாக எடுத்தாள். "அழுத்தி எடுத்தா என்ன மஞ்சள் தெரியுதோ, அதுல பாதி சுவரோடது. அதைத் தள்ளிடு. மிச்சம்தான் குழந்தையோடது." நர்ஸுகள் தலையாட்டினார்கள். ஊசி குத்துவது நின்றது, டாக்டர் பாராட்டினார், மற்ற வார்டுகளில்கூட இந்தக் கழித்தலைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வடிவமைப்பாளர் சொன்னதுபோலக் கண்ணும் பழகிப்போயிற்று. ஒரு மாதத்தில் சுவர் மஞ்சள் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. அதாவது, கண் தானாகவே சுவரைக் கழித்துவிட்டது. அதற்குப் பிறகும் ஹெட் சிஸ்டர் விடாமல் பாதியைக் கழித்துக்கொண்டிருந்தாள். கண் ஒரு தடவை, அவள் ஒரு தடவை. ஒரே தொகையை இரண்டு தரம் கழித்தால் மிச்சம் என்ன ஆகும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

சுவர் மாறிய இரண்டாம் மாதத்தில் தையல்காரி ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. அவளுக்கு முதல் பிரசவம், கணவன் பஸ் ஓட்டுகிறவன், வெளியூர் ஓட்டத்தில் இருந்தான். துணைக்கு அவள் அக்கா வந்திருந்தாள். குழந்தை நல்ல கறுப்பு. கறுப்புத் தோலில் மஞ்சள் பிடிப்பது சாதாரண நாளிலேயே கஷ்டம். மூன்றாம் நாள் காலை வீட்டுக்கு அனுப்பவேண்டும். ஹெட் சிஸ்டர் அழுத்திப் பார்த்தாள், கழித்தாள், சரி என்றாள்.

நோட்டு நகராமல் நின்றாள். "அக்கா, நேத்தைக்கு இவன் நல்லா பால் குடிச்சான். இன்னிக்கு எழுப்பினாலும் தூங்கிட்டே இருக்கான்."

"பிறந்த குழந்தை தூங்காம வேலைக்கா போகும்?"

"இல்லக்கா. வராண்டாவுக்குத் தூக்கிட்டுப் போய் வெளிச்சத்துல ஒருதரம் பாத்துடலாமா? அங்க சுவர் இன்னும் வெள்ளைதான். அந்த பேராசிரியர் சொன்னாரே, சுவர்ல பட்டு வர்ற வெளிச்சம்னு..." சொல்லிக்கொண்டே நோட்டைப் புரட்டினாள்.

வராண்டா இருபது அடி தூரம். கதவைத் திறந்தால் வெயில். ஹெட் சிஸ்டர் அந்தக் கதவையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் இரண்டு நர்ஸுகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள். இவள் பேச்சைக் கேட்டு இப்போது வராண்டாவுக்குத் தூக்கிக்கொண்டு போனால், இத்தனை நாள் கழித்ததெல்லாம் வெறும் ஜம்பம் என்று நாளைக்கு ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிக்கும்.

"பத்தொன்பது வருஷமா பாக்கற எனக்கு உன் நோட்டுதான் சொல்லிக் குடுக்கணுமா? போய் அவங்க துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு," என்றாள்.

நோட்டு போனாள். அரைமணி நேரத்தில் தையல்காரி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு, ஹெட் சிஸ்டரிடம் தனியாக நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள் மதியம் அக்காவும் தங்கையும் ஓடி வந்தார்கள். பிள்ளை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கீச்சென்று அழுதது. வாசல் வெளிச்சத்திலேயே, கறுப்புத் தோலுக்கு அடியில், கண்ணின் வெள்ளையில், நாக்கின் அடியில் எல்லாம் மஞ்சள் ஏறிக் கிடந்தது. அதைப் பார்க்க அனுபவமே வேண்டாம். எதிர்க் கட்டடத்து அலமாரியைத் திறந்தார்கள், கருவியை நெற்றியில் வைத்தார்கள், அளவைத் தாண்டிவிட்டது என்று கருவியே கையை விரித்தது. ரத்தத்தில் மஞ்சளின் அளவு இருபத்தெட்டு, இருபதைத் தாண்டினாலே ஆபத்து. நீல விளக்கு மட்டும் போதாது என்று சொல்லி, தொப்புள்கொடி வழியாகக் குழாய் விட்டுப் பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு ரத்தம் ஏற்றினார்கள். மாலைவரை ஹெட் சிஸ்டர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னவர்களை அவள் திரும்பியே பார்க்கவில்லை.

பிள்ளை பிழைத்தது. காது எப்படி என்று உடனே சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்துப் பரிசோதிக்கவேண்டும் என்றார் டாக்டர்.

மறுநாளே விசாரணை வைத்தார்கள். அது ஒரு நல்ல வேடிக்கை. வெளிச்சம் திரும்பி விழும் என்று முதல் நாளே சொன்னேன் என்றார் பேராசிரியர். பக்கத்து நிறம் ஏமாற்றும் என்று அட்டை ஒட்டியே காட்டினேன் என்றார் ஓவியர். வார்டில் கேட்டுவிட்டுத்தான் அடித்தேன் என்று வடிவமைப்பாளர் அழுதாள். கழித்துப் பார்க்கச் சொன்னது ஆலோசனைதான், உத்தரவு இல்லை என்றார் டாக்டர். அவ்வளவு படிப்பும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தன் கையைக் கழுவிக்கொண்டது. மேலாளர் ஹெட் சிஸ்டரைப் பார்த்து, "நீங்க பாவம் சிஸ்டர், இந்தச் சுவர்ல யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க," என்றார். தவறு சுவருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சுவரால் மறுத்துப் பேச முடியாது.

அவளும் மறுத்துப் பேசவில்லை. வெளியே வந்து வராண்டாவில் நின்றாள். உள்ளே இருந்த அத்தனை பேர் மேலும் அவளுக்கு இருந்த இளக்காரம் முழுசாகத் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. அவர்களாவது தெரியாமல் செய்தார்கள். தெரிந்துகொண்டே வாயை மூடியவள் நான் ஒருத்திதான், அதுவும் எதற்காக, ஒரு சிறுமி ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்காக. த்தூ, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை குழந்தையைப் பார்க்கப் போனாள். சுவர் மாற்றும்வரை குழந்தைகளை வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். தையல்காரி விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண்கட்டு போட்ட பிள்ளை உள்ளே கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. தையல்காரி பெட்டியின் ஓரத்தில், பிள்ளையின் காதுப் பக்கமாக, விரலால் சொடுக்குப் போட்டாள், காத்திருந்தாள், மறுபடியும் போட்டாள்.

"சுவர்னால ஆச்சுன்னு சொல்றாங்க சிஸ்டர்," என்றாள் திரும்பாமலே.

"ம்."

"ஒண்ணு கேக்கவா? துணிக்கு நூல் சேக்கும்போது கடைக்குள்ள வச்சுப் பாத்தா சேந்த மாதிரியே இருக்கும். வெளிய வந்தா வேறயா இருக்கும். அதனால ஒரு நூல்கண்டா இருந்தாலும் நான் வாசலுக்குக் கொண்டுவந்து பாத்துட்டுத்தான் வாங்குவேன். எங்க கடையில வேலை கத்துக்க வர்ற பொண்ணுக்குக்கூட இது தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சிஸ்டர் என் பிள்ளைய வாசலுக்குக் கொண்டு போகல?"

சுவர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்ல நிர்வாகமே கையெழுத்துப் போட்ட காகிதம் கொடுத்திருந்தது.

"நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பாளே, அந்த சிஸ்டர் கொண்டு போகலாம்னுதான் சொன்னா. நான் வேண்டாம்னேன். கொண்டு போனா என் கண்ணு தப்புன்னு ஆயிடும்னு. அந்தச் சுவருக்கு அந்த நிறம் ஆகாதுன்னும் எனக்கு முன்னாடியே தெரியும்மா. சொல்லல."

"ஏன்?"

"அவங்கல்லாம் நான் சொல்லிக் கேக்கற தகுதி இல்லாதவங்கன்னு நெனச்சேன்."

தையல்காரி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். தையல்காரி அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தாள். ஹெட் சிஸ்டர் இத்தனை வருடம் மற்றவர்களைப் பார்த்தாளே, அந்தப் பார்வை. பிறகு பெட்டியின் பக்கம் திரும்பி, மேலே கிடந்த துணியை இழுத்து, நிற்கிறவளுக்குப் பிள்ளை தெரியாதபடி மறைத்துவிட்டாள்.

"நீங்க பாக்க வேண்டாம்," என்றாள். "அந்த நோட்டு எழுதற சிஸ்டரை வரச் சொல்லுங்க."

ஹெட் சிஸ்டர் போய், நோட்டைக் கூப்பிட்டு அனுப்பினாள்.